ஆட்டத்துக்கு முதுகு காட்டி

“இந்தத் துறையில பெரிய பயிற்சியாளரா வரணும். அதுக்கு முதல்ல நான் எதக் கத்துக்கணும், சொல்லுங்க” என்று கேட்டான் செல்வின்.

இசக்கியம்மாள் உடனே பதில் சொல்லவில்லை. அவளால் உடனே சொல்ல முடியாது. பிறவியிலேயே மூளைவாதம். கையும் காலும் அவள் பேச்சைக் கேட்பதில்லை. நாக்கு பாதி கேட்கும். கழுத்து மட்டும்தான் முழுசாக அவளுடையது. ஒரு சொல் அவள் தொண்டையில் கிளம்பி உதட்டுக்கு வந்து சேர நேரம் பிடிக்கும்.

செல்வின் அவ்வளவு நேரம் பொறுக்கவில்லை.

“காலேஜ் கபடி டீமுக்குப் பல வருஷம் கோச்சா இருந்திருக்கேன். மாற்றுத்திறனாளி விளையாட்டுக்குன்னு தனியாப் படிப்பும் முடிச்சாச்சு. உங்க கழுத்துக்கு நான் ஒரு பயிற்சி வச்சிருக்கேன். அத மட்டும் செஞ்சீங்கன்னா…”

“திரும்பி” என்றாள் அவள்.

“என்னது?”

“உக்காருங்க.”

அவளுக்கு முப்பது வயதுகூட ஆகவில்லை. அவன் நாற்பதைத் தாண்டியவன். மாநிலத்தில் போச்சியா ஆடுகிறவர்களில் அவள் பெயரைத் தெரியாதவர்கள் கிடையாது. பாளையங்கோட்டையில் ஒரு பேட்மிண்டன் அரங்கத்தை வாடகைக்குப் பிடித்து, தன்னைப் போன்ற பலருக்கு அவளே அந்த ஆட்டத்தைச் சொல்லிக் கொடுத்தாள். இத்தனை நாள் அவளுக்குத் துணையாக ஆடுகளத்தில் உட்கார்ந்திருந்த தங்கை, கல்யாணமாகி ஓசூருக்குப் போய்விட்டாள்.

அந்த இடத்தில்தான் செல்வின் உட்கார்ந்தான்.

போச்சியா எளிமையான ஆட்டம். தரையில் ஒரு வெள்ளைப் பந்து. ஒருவருக்குச் சிவப்புப் பந்துகள், எதிராளிக்கு நீலம். யார் பந்து வெள்ளைக்குப் பக்கத்தில் போய் நிற்கிறதோ அவருக்குப் புள்ளி.

கையால் எறிய முடியாதவர்களுக்கு ரேம்ப் உண்டு. குழந்தைகள் சறுக்கி விளையாடுவது போல நீண்டு இறங்கும் ஒரு சரிவு, அவ்வளவுதான். பந்தை அதன் மேல் வைப்பார்கள். இசக்கியின் நெற்றியில் கட்டிய பட்டையிலிருந்து ஒரு கம்பி நீண்டிருக்கும். அதன் நுனியால் அவள் பந்தை உருளாமல் தடுத்துக்கொண்டிருப்பாள். தலையசைத்துக் கம்பியை விலக்கினால் பந்து உருளும்.

அந்த ரேம்பை நகர்த்த ஓர் ஆள் வேண்டும்.

அந்த ஆளுக்குத்தான் சட்டம் கடுமை. அவர் ஆட்டக்காரரைப் பார்த்து உட்கார வேண்டும், ஆடுகளத்துக்கு முதுகு காட்டி. சுற்று முடியும்வரை திரும்பக் கூடாது. பேசக் கூடாது. ஆட்டக்காரர் சொல்லாமல் ரேம்பைத் தொடக் கூடாது.

செல்வின் படிப்பில் இதெல்லாம் படித்திருந்தான். ஆனால் உட்கார்ந்த பிறகுதான் முதுகு கூசியது.

“பாக்காம எப்படிக் கத்துக்க, கோச்?”

“பாருங்க.”

“எத?”

“என்னைய.”

*

அன்று அவள் “இடது” என்றாள். நகர்த்தினான். “போதும்” என்றாள். நிறுத்தினான்.

கம்பி விலகியது. பந்து அவன் தோளுக்குப் பக்கமாக உருண்டு இறங்கி, அவனுக்குப் பின்னால் எங்கோ போனது.

இசக்கியின் கண்கள் அதனோடு போயின. முகம் இறுகியது. பின்பு, முகத்தில் இருந்த அத்தனை முடிச்சும் ஒரே நேரத்தில் அவிழ்ந்தது.

செல்வின் தன்னை அறியாமல் திரும்பிவிட்டான்.

சிவப்புப் பந்து ஒன்று வெள்ளைக்கு அருகே நின்றது. அவ்வளவுதான். அவள் முகத்தில் பார்த்தது அங்கே தரையில் இல்லை.

அவன் மறுபடி இவள் பக்கம் திரும்பினான். அந்த முகமும் போய்விட்டிருந்தது.

“நாளைக்கு” என்றாள் இசக்கி.

*

சில மாதம் போயிற்று.

ஒருநாள் செல்வின் முகம் செத்து வந்தான். வரும் வழியில் டீக்கடையில் பழைய மாணவன் ஒருவனைப் பார்த்திருக்கிறான். இப்போது பெரிய கபடி அணி ஒன்றுக்குத் துணைப் பயிற்சியாளன். காரை நிறுத்தி இறங்கி வந்து, சார் இப்ப என்ன செய்றீங்க என்று மரியாதையாகத்தான் கேட்டான்.

“என்ன சொல்ல? ரேம்ப் பிடிக்கேன்னா சொல்ல முடியும்? கோச், கோவிச்சுக்கிடாதீங்க. நான் இங்க ஒரு அடிகூட மேல ஏறல.”

இசக்கி ஒரு பந்தை உருட்டி முடித்திருந்தாள்.

“ஆட்டுங்க” என்றாள்.

ஒவ்வொரு பந்துக்குப் பிறகும் ரேம்பை இடமும் வலமும் நன்றாக ஆட்டி, பிடித்த குறியைக் கலைத்துவிட வேண்டும். அதுவும் சட்டம். எவ்வளவு நல்ல குறியாக இருந்தாலும் அடுத்த பந்துக்கு உதவாது.

செல்வின் ஆட்டினான்.

“இன்னும்.”

ஆட்டினான்.

“இன்னும் நல்லா.”

அவன் ஆட்டிக்கொண்டே இருந்தான். கடைசியில் சிரிப்பு வந்துவிட்டது அவனுக்கு. அவளுக்கும்.

“வலது” என்று ஆட்டத்தைத் தொடங்கினாள் அவள்.

*

பார்க்கப் பார்க்க, அவள் முகம் அவனுக்குப் பழகியது. புருவம் லேசாகச் சுருங்கினால் இடது. கீழுதடு உள்ளே போனால் பந்தை மேலே ஏற்ற வேண்டும். சொல் வருவதற்கு முன்பே அவன் கை தயாராகிவிடும்.

ஒருமுறை, அவள் வாய் திறந்ததுமே இடது பக்கம் நகர்த்திவிட்டான்.

“நான் சொல்லல.”

“நீங்க இடதுன்னுதான் சொல்ல வந்தீங்க. எனக்குத் தெரிஞ்சிட்டு.”

“ஆமா.”

“பெறகு?”

அவள் வெகுநேரம் அவனைப் பார்த்தாள்.

“வலது” என்றாள்.

*

மதுரையில் மாநிலப் போட்டி. அரையிறுதி. ஜெயித்தால் இறுதிப் போட்டி, அதைத் தாண்டினால் தேசியப் போட்டி. இசக்கி அதுவரை தேசியப் போட்டிக்குப் போனதில்லை. மூன்றாவது இடம், நான்காவது இடம் என்று வாசல்வரை போய்த் திரும்பியவள்.

அந்த அரங்கத்தில் ஒரு கோளாறு இருந்தது. ஆட்டக்காரர்களுக்குப் பின்னால் பெரிய கண்ணாடிக் கதவு. செல்வின் உட்கார்ந்த இடத்திலிருந்து இசக்கியின் தோளுக்கு மேலாக அதில் ஆடுகளம் முழுவதும் தெரிந்தது.

முதலில் அவன் கண்ணைத் தாழ்த்திக்கொண்டான். கடைசிச் சுற்றில் தாழ்த்தவில்லை.

கடைசிப் பந்து. வெள்ளைக்கு மிக அருகில் நீலம் நின்றது. பக்கத்தில் சின்ன இடைவெளி. அதற்குள் சிவப்பு போனால் வெற்றி.

“இடது” என்றாள் இசக்கி. நகர்த்தினான். “இன்னும்.” நகர்த்தினான். “போதும்.”

செல்வின் கண்ணாடியைப் பார்த்தான். குறி தப்பியிருந்தது. கொஞ்சம்தான். பந்து அந்த இடைவெளியைத் தொடாமலே தாண்டிப் போய்விடும்.

அவன் கட்டைவிரல் ரேம்பின் ஓரத்தில் இருந்தது. நூலளவு தள்ளினான். யாரும் பார்க்கவில்லை.

பந்து உருண்டது. இடைவெளிக்குள் புகுந்து வெள்ளையை ஒட்டி நின்றது. அரங்கம் கைதட்டியது.

செல்வின் அவளைப் பார்த்தான். அந்த முகத்தில் எதுவும் அவிழவில்லை.

அவள் தலையை உயர்த்தி நடுவரை அழைத்தாள். நடுவர் ஒரு பெண்மணி. குனிந்து காது கொடுத்தார். கைதட்டல் ஓயும்வரை இசக்கி பொறுத்திருந்தாள். பிறகு அந்த வாக்கியத்தைத் தொடங்கினாள். அரங்கமே அது முடியக் காத்திருந்தது.

“இது… என் பந்து… இல்ல.”

நடுவர் செல்வினைப் பார்த்தார். அவன் தலை குனிந்தான்.

பந்து எடுக்கப்பட்டது. புள்ளி எதிராளிக்குப் போனது.

*

வேனில் ஊர் திரும்பினார்கள். கோவில்பட்டி தாண்டியதும் செல்வினுக்குப் பொறுக்கவில்லை.

“உங்களுக்காகத்தான் செஞ்சேன் கோச்.”

“தெரியும்.”

கொஞ்ச தூரம் போன பின் சொன்னாள்.

“அதான்.”

மறுநாள் அவன் அரங்கத்துக்கு வந்தது சொல்லிக்கொண்டு போக. இசக்கி ஆடுகளத்தில் தனியாக இருந்தாள். தரையில் ஒட்டிய நாடாவால் பெட்டி போல ஓர் இடம் குறித்திருக்கும். ஆட்டக்காரர் நாற்காலி அதற்குள்தான் நிற்க வேண்டும். அவள் அதற்குள் இருந்தாள்.

“நான் போயிட்டு வாரேன் கோச். வேற ஆளப் பாத்துக்கிடுங்க.”

அவள் பேசத் தொடங்கினாள். அவன் அவளிடம் கேட்ட பேச்சுகளிலேயே அதுதான் நீளமானது. இடையிடையே நின்று மூச்சு வாங்கினாள். ஒரு சொல் நாக்கில் மாட்டிக்கொண்டபோது, அது என்ன சொல் என்று செல்வினுக்குத் தெரிந்துவிட்டது. சொல்ல வாயெடுத்தான். பிறகு மூடிக்கொண்டான்.

அவள் சொன்னது இதுதான்:

“சின்னப் பிள்ளையில இருந்து நான் ஆரம்பிச்ச பேச்ச நான் முடிச்சதில்ல அண்ணே. அம்மா முடிப்பா. டீச்சர் முடிப்பாங்க. டாக்டர் முடிப்பாரு. தாகமான்னு கேப்பாங்க, நான் வாயத் தொறக்கதுக்குள்ள தண்ணி வந்திரும். எல்லாரும் நல்லவங்க. எல்லாரும் எனக்காகத்தான். இந்தப் பெட்டிக்குள்ள மட்டும்தான், நான் முடிக்கிற வரைக்கும் யாரும் அசையக் கூடாதுன்னு சட்டம் இருக்கு.”

அவள் அவனை ‘அண்ணே’ என்று கூப்பிட்டது அதுதான் முதல் தடவை.

செல்வின் ஒன்று கேட்டான்.

“நான் தள்ளாம விட்டிருந்தா அந்தப் பந்து எங்க போயிருக்கும்?”

“தெரியல” என்றாள் இசக்கி. “அதப் பாக்கத்தான் இருந்தேன்.”

அவன் செருப்பைக் கழற்றினான். பெட்டிக்கு முன்னால் போய், ஆடுகளத்துக்கு முதுகு காட்டி உட்கார்ந்தான்.

*

அதன் பிறகு அவன் எப்போது மேலே ஏறுவோம் என்று கேட்கவில்லை.

புதிதாக வந்தவர்களுக்கும் அவனே ரேம்ப் பிடித்தான். ஒருவர் கண்ணால் மட்டும் பேசுவார். ஒருத்தி சொல்வதற்கு முன் கோபப்படுவாள். இன்னொருவர் சொன்னதையே சொல்லிச் சொல்லிப் பின்பு மாற்றுவார். அவன் எல்லார் எதிரிலும் உட்கார்ந்தான். எவர் எதிரிலும், அவர் முடிக்கும் முன் கை அசையவில்லை.

டீக்கடையில் யாராவது என்ன வேலை என்று கேட்டால், “ரேம்ப் பிடிக்கேன்” என்றான். கேட்டவர் அடுத்து என்ன கேட்பது என்று தெரியாமல் டீயைக் குடிப்பார். அவனும் குடிப்பான்.

*

அடுத்த ஆண்டு மாநிலப் போட்டி கோயம்புத்தூரில் நடந்தது. இசக்கி இறுதிப் போட்டிக்கு வந்தாள்.

எதிராளி தர்மபுரிக்காரன், மாதேஷ். இருபதைத் தாண்டிய இளைஞன். சிரித்த முகம், பொல்லாத குறி. அவனுக்கு ரேம்ப் பிடித்தது அவன் அம்மா. வயலில் வெயில் பட்டுக் கறுத்த முகம். கையில் மருதாணி. பக்கத்துப் பெட்டிக்கு முன்னால் அவரும் செல்வினைப் போலவே முதுகு காட்டி உட்கார்ந்திருந்தார். ஆட்டம் தொடங்குமுன் இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துத் தலையசைத்துக்கொண்டார்கள். அதன் பிறகு இருவர் கண்ணும் தத்தம் ஆட்டக்காரர் முகத்தில்தான்.

கடைசிச் சுற்று. இசக்கியிடம் ஒரே ஒரு பந்து. மாதேஷின் பந்துகள் தீர்ந்துவிட்டன.

பின்னால் என்ன நிலை என்று செல்வினுக்குத் தெரியாது. கூட்டத்தின் முனகலிலிருந்து ஒன்று மட்டும் புரிந்தது. கஷ்டமான நிலை. நீலப் பந்துகள் வெள்ளையைச் சுற்றிக் காவல் நிற்கின்றன போலிருந்தது. மேலிருந்து வேகமாக விட்டு மோதி உடைத்தால்தான் உண்டு என்று யாரோ கிசுகிசுத்தார்கள்.

கடிகாரம் ஓடியது. ஒரு பக்கத்துக்கு இவ்வளவுதான் நேரம் என்று உண்டு.

இசக்கி பார்த்தாள். பார்த்துக்கொண்டே இருந்தாள். அவள் கழுத்து நடுங்கத் தொடங்கியது. நெற்றியிலிருந்து வியர்வை பட்டையைத் தாண்டிக் கண்ணுக்குள் வழிந்தது. அவளால் துடைக்க முடியாது. அவன் துடைக்கக் கூடாது.

அவள் வாய் திறந்தது.

“இ…”

சொல் மாட்டிக்கொண்டது.

இடதா? இன்னுமா? இல்லையா? இருங்களா? அவனுக்குத் தெரியவில்லை. முன்பென்றால் தெரிந்திருக்கும். இப்போது அவன் தெரிந்துகொள்ள முயலவே இல்லை.

“இ…”

நேரம் ஓடியது. கூட்டத்தில் ஒருவர் தாங்காமல் கத்திவிட்டார்.

“இடதுன்னு சொல்லுதாங்கய்யா! நகத்துய்யா!”

நடுவர் கையுயர்த்தி அடக்கினார்.

செல்வினின் கைகள் மடியில் கிடந்தன. அவன் அவளைப் பார்த்தபடி இருந்தான். அவசரப்படுத்தும் பார்வை இல்லை. தைரியம் சொல்லும் பார்வையும் இல்லை. அவள் சொல்லை முடிக்கும்வரை உலகத்தில் வேறு காரியமே இல்லை என்பது போல உட்கார்ந்திருந்தான்.

அவள் ஒருமுறை மூச்சை விட்டாள். மறுபடி இழுத்தாள்.

“இ… றக்குங்க.”

இறக்குவதா? உச்சியில் இருக்கும் பந்தைக் கீழே கொண்டுவந்தால் வேகமே இருக்காது. மோதி உடைப்பது இருக்கட்டும், போய்ச் சேருமா என்பதே சந்தேகம்.

அவன் பந்தை இறக்கினான்.

“இன்னும்.”

இறக்கினான்.

“இன்னும்.”

ரேம்பின் அடியில், தரைக்கு மிக அருகில், பந்து நின்றது. கூட்டத்திலிருந்து ஒரு பெருமூச்சு. முடிந்தது என்கிற பெருமூச்சு.

“போதும்.”

கம்பியின் நுனி பந்தைத் தொட்டது. அங்கேயே தங்கியது. பிறகு, மிக மெதுவாக விலகியது.

பந்து போன சத்தமே கேட்கவில்லை.

செல்வின் அவள் கண்களைப் பார்த்தான். அவை நகர்ந்தன. அவ்வளவு மெதுவாக எதுவும் நகர்ந்து அவன் பார்த்ததில்லை. நின்றுவிட்டதோ என்று தோன்றியபோது இன்னும் கொஞ்சம் நகர்ந்தன. பின்பு வளைந்தன. ஆம், வளைந்தன. நேராகப் போன ஒன்று எதையோ தொட்டு, மன்னிப்புக் கேட்பது போல ஒதுங்கி, வேறு வழியில் போயிற்று.

அரங்கத்தில் மூச்சுச் சத்தம் நின்றது.

இசக்கியின் கருவிழி இன்னும் நூலளவு நகர்ந்தது.

நின்றது.

அவள் முகத்தில் இருந்த ஒவ்வொரு முடிச்சும், பிறந்ததிலிருந்து இழுத்துப் பிடித்திருந்த ஒவ்வொரு தசையும் தளர்ந்தது. அவள் சிரிக்கவில்லை. அழவில்லை. வாய் லேசாகத் திறந்திருந்தது. தானே ஆடிய பந்தைத் தானே நம்ப முடியாமல், யாரோ கொடுத்ததை வாங்கிக்கொள்வது போல அவள் பார்த்துக்கொண்டிருந்தாள்.

கூட்டம் எழுந்தது. நாற்காலிகள் சரியும் சத்தம். சிலர் கத்தினார்கள், சிலர் ஓடி வந்தார்கள். ஒருவர் விடாமல் “ஐயோ, ஐயோ” என்று சொல்லிக்கொண்டே இருந்தார்.

நடுவர் அளந்து பார்த்துவிட்டுச் சிவப்பு என்று அறிவித்தார். சுற்று முடிந்தது என்றார். இனி அவர்கள் திரும்பலாம்.

செல்வின் திரும்பவில்லை.

பக்கத்துப் பெட்டிக்கு முன்னால் மாதேஷின் அம்மாவும் திரும்பவில்லை. தோற்றுப்போன அவர் மகன் கண் அகலத் திறந்து, வாய் பிளந்து, அந்தப் பந்தையே பார்த்துக்கொண்டிருந்தான். அவன் முகத்தில் தோல்வி என்பதே இல்லை. அந்தத் தாய் அந்த முகத்தை விட்டுக் கண்ணை எடுக்காமலே கேட்டார்.

“தம்பி, பார்த்தீங்களா?”

“பார்த்தேன்மா” என்றான் செல்வின்.